மியூட்டை எடுப்பது எப்படி: அலுவலகத்தில் தன்னம்பிக்கைக்கு ஒரு முழு வழிகாட்டி

2012-ல் ஒரு செவ்வாய்க்கிழமை காலை. பெங்களூர் அவுட்டர் ரிங் ரோட்டில், பெல்லந்தூர் பக்கம் ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் நாலாவது மாடி. ரிலீஸுக்கு இரண்டே நாள். நான் டெஸ்டிங் பார்த்துக்கொண்டிருந்த பேமென்ட் பக்கத்தில் ஒரு பக் இருந்தது. பட்டனை இரண்டு தடவை வேகமாகத் தட்டினால் பணமும் இரண்டு தடவை போய்விடும். முந்தின ராத்திரியே அதைப் பிடித்துவிட்டேன். காலைக் கூட்டத்தில் சொல்லலாம் என்று வாய்க்குள் வாக்கியத்தைக் கோத்துக்கொண்டிருந்தேன். 'ஐ ஃபவுண்ட்' என்று தொடங்குவதா, 'ஐ ஹேவ் ஃபவுண்ட்' என்று தொடங்குவதா? அதற்குள் பேச்சு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டது. பக்கத்தில் இருந்த டெவலப்பரிடம் ஒரு துண்டுத்தாளில் எழுதி நகர்த்தினேன். அவர் படித்துப் பார்த்து, சத்தமாகச் சொன்னார். மேனேஜர் "குட் கேட்ச்" என்றார், அவரைப் பார்த்து.

அவர் என் பெயரைச் சொல்லியிருக்கலாம். ஆனால் வாய் இருந்தும் தாளைத் தேடியது நான்தான்.

அதற்கப்புறம் நான் செய்த முதல் காரியம் உருப்படாதது. கோரமங்களாவில் ஒரு 'பர்சனாலிட்டி டெவலப்மென்ட்' வகுப்பில் சேர்ந்தேன். ஆறு ஞாயிற்றுக்கிழமை. கண்ணாடி முன் நின்று 'ஐ ஆம் கான்ஃபிடன்ட்' என்று சொல்லச் சொன்னார்கள். கைகுலுக்கக் கற்றுக்கொடுத்தார்கள். திங்கட்கிழமை ஆபீசுக்குப் போனால் அதே ஆளாகத்தான் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பணத்துக்கு நாலு தடவை ஊருக்குப் போய் வந்திருக்கலாம்.

கைகொடுத்தது வேறு. தட்டுத்தடுமாறி வருஷக்கணக்கில் கண்டுபிடித்தது. இப்போது விருத்தாசலம், அரூர், சங்கரன்கோவில் பக்கமிருந்து என் டீமுக்கு வரும் பிள்ளைகளுக்கு வரிசையாகச் சொல்லிக்கொடுக்கிறேன். அதே வரிசையில்தான் இங்கே எழுதுகிறேன். ஒரு சுற்றுக்கு மூன்று வாரம் ஆகும். ஆளே மாறிப்போகும் வித்தை இதில் கிடையாது. தைரியம் வரட்டும், அப்புறம் பேசலாம் என்று காத்திருந்த யாரும் என் கண்ணெதிரே பேசியதில்லை. கை நடுங்க நடுங்கப் பேசியவர்களுக்குத்தான் அது பின்னாலேயே வந்து சேர்ந்தது.

படி 1: தடுமாறும் இடம் எது?

"எனக்குத் தன்னம்பிக்கையே இல்லக்கா" என்று யாராவது வந்து நின்றால் "எங்கே இல்லை?" என்றுதான் கேட்பேன். திட்டக்குடியிலிருந்து வந்த ஒரு பெண், வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம், இப்படித்தான் வந்தாள். மடிவாளாவில் பிஜி விடுதி. ஆட்டோக்காரர் மீட்டருக்கு மேல் கேட்டால் அரைகுறைக் கன்னடத்தில் அவரோடு மல்லுக்கு நிற்பாள். நானே பார்த்திருக்கிறேன். அதே பெண், தங்கை நிச்சயதார்த்தத்துக்கு இரண்டு நாள் லீவு கேட்க மூன்று நாள் மேனேஜர் இருக்கையைச் சுற்றிச் சுற்றி வந்தாள். இவளுக்குத் தன்னம்பிக்கை இல்லை என்று எப்படிச் சொல்வது?

ஆல்பர்ட் பண்டூரா என்ற உளவியலாளர் 1977-ல் இதைத் தெளிவாக எழுதினார். 'இந்தக் குறிப்பிட்ட காரியம் என்னால் ஆகும்' என்ற நம்பிக்கை காரியத்துக்குக் காரியம் மாறும். அது நான்கு வழியில் ஊறும். நாமே செய்து முடித்த அனுபவம். நம்மைப் போன்ற ஒருவர் செய்வதைப் பார்ப்பது. அடுத்தவர் சொல்லும் ஊக்கம். அப்புறம் அந்த நேரத்து உடம்பின் நிலை. நான்கில் முதலாவதுதான் வலு. ரீல்ஸில் கத்திக் கத்தி உசுப்பேற்றுகிறவர்கள் மூன்றாவதில் அடங்கிவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை ஏறியது திங்கட்கிழமை ஏன் இறங்குகிறது என்று இப்போது புரியும்.

ஆகவே முதல் வாரம் எதையும் மாற்ற வேண்டாம். ஒரு சின்ன நோட்டில் எழுதுங்கள். அந்தப் பெண் எழுதியதில் மூன்று வரி (ஸ்டாண்டப் என்பது டீம் தினமும் கூடி, ஆளாளுக்கு வேலை நிலவரம் சொல்லும் சின்னக் கூட்டம்):

"திங்கள் 10.15. ஸ்டாண்டப். என் முறை வருவதற்குள் கை சில்லிட்டுவிட்டது. 'சேம் அஸ் எஸ்டர்டே' என்று முடித்துவிட்டேன்."

"புதன் 4.40. கிளையன்ட் கேட்டதற்குப் பதில் தெரியும். சொல்லவில்லை."

"வியாழன். பக்கத்து டீம் பையனுக்கு ஸ்கிரிப்ட் எழுதுவது எப்படி என்று அரை மணி நேரம் சொல்லிக்கொடுத்தேன். தடுமாறவே இல்லை."

அந்த மூன்றாவது வரியை எழுதலாமா என்று யோசித்தாளாம். எனக்கு அதுதான் முக்கியமாகப் பட்டது. ஒருவரிடம் பேச வருகிறது, பத்துப் பேரிடம் வரவில்லை. விஷயம் தெரியும், நேரம் கிடைத்தால் பேசலாம், திடீரென்று கேட்டால் அடைக்கிறது. வாரக் கடைசியில் உங்கள் நோட்டிலும் இப்படி ஒரு கோடு தெரியும். சிலருக்கு மேலதிகாரி, சிலருக்கு இங்கிலீஷ், சிலருக்குக் கேமரா. எனக்கு இலக்கணம். வாக்கியம் சரியாக வந்தால்தான் வாயைத் திறப்பேன் என்று ஒரு பிடிவாதம்.

படி 2: சுபாவத்தோடு சண்டை வேண்டாம்

ஆபீஸ்களில் நாலெழுத்து ஆளுமைத் தேர்வு ஒன்று வைப்பார்கள். மையர்ஸ் பிரிக்ஸ் வகை. உளவியலாளர் யுங் 1921-ல் எழுதிய மன வகைகளை வைத்து ஒரு தாயும் மகளும் உருவாக்கியது அது. 'நீ உள்முகம்' என்று முடிவு வந்ததும், அதை ஜாதகம் மாதிரி பத்திரப்படுத்தி, 'எனக்குப் பேச்சு வராது' என்பதற்குச் சான்றிதழாகக் காட்டுகிறவர்கள் உண்டு. இப்போதைய ஆய்வாளர்கள் அப்படிப் பெட்டிகளில் அடைப்பதைவிட ஐந்து அளவுகோல்களைத்தான் பயன்படுத்துகிறார்கள்: புதியதை ஏற்கும் மனம், பொறுப்புணர்வு, கலகலப்பு, இணக்கம், மனப்பதற்றம். பேரிக், மவுன்ட் இருவரும் 1991-ல் பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது, எல்லா வகை வேலைக்கும் பொருந்தி வந்தது பொறுப்புணர்வுதான். கலகலப்பு உதவியது விற்பனை, மேலாண்மை போன்ற சில வேலைகளுக்கு.

எனவே சிரித்துப் பேசி எல்லாரையும் கட்டிப்போடும் ஆளாக நீங்கள் மாற வேண்டியதில்லை. வெள்ளிக்கிழமை பார்ட்டியில் ஆட வேண்டியதும் இல்லை. நான் இன்றுவரை ஆடியதில்லை, ரேட்டிங் ஒன்றும் குறையவில்லை. தெரிந்த விஷயத்தைத் தேவையான நேரத்தில் நாலு பேர் காதில் விழும்படி சொல்ல வேண்டும். அமைதியானவர்களுக்கும் அது முடியும்.

படி 3: ஐந்து படிக்கட்டு

நோட்டில் கண்ட தடுமாற்றங்களில் ஒன்றை மட்டும் எடுங்கள். அதை ஐந்து படியாக உடையுங்கள். கீழ்ப்படி கொஞ்சம் கூச்சம் தருவதாக, ஆனால் நாளைக்கே செய்யக்கூடியதாக இருக்க வேண்டும். திட்டக்குடிப் பெண் போட்ட படிகள்: ஸ்டாண்டப்பில் மூன்று வாக்கியம் சொல்வது, டீம் கூட்டத்தில் ஒரு கேள்வி கேட்பது, ஒருவர் சொன்னதோடு ஒரு தகவலைச் சேர்த்துச் சொல்வது, ஐந்து நிமிடம் ஸ்கிரீன் ஷேர் போட்டு விளக்குவது, கடைசியில் கிளையன்ட் கூட்டத்தில் தானாக வாய் திறப்பது.

ஒரு படியை மூன்று நாலு தடவை செய்து அலுத்துப்போனால்தான் அடுத்ததற்கு ஏற வேண்டும். பயம் போக வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள், அலுப்பு வந்தால் போதும். சறுக்கினால் ஒரு படி இறங்கி அங்கே நில்லுங்கள். ஒரேயடியாகக் கடைசிப் படிக்குத் தாவிய பையன் ஒருவன், நூறு பேர் இருந்த கூட்டத்தில் பேசப் போய்த் திணறி, அடுத்த ஆறு மாதம் கேமராவையே போடவில்லை.

படி 4: ஸ்டாண்டப்புக்கு மூன்று வாக்கியம்

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஐ.டி.யில் தினமும் வரும் பரீட்சை இதுதான். இரண்டு நிமிடம், எட்டு முகம், ஒரே கேள்வி. தினமும் வருவதால் இதைவிட நல்ல பயிற்சிக்கூடமும் கிடையாது.

பெரும்பாலோர் சொல்வது இப்படி இருக்கும்: "எஸ்டர்டே ஐ வாஸ் வொர்க்கிங் ஆன் லாகின், டுடே ஆல்சோ ஐ வில் கன்டினியூ." கேட்டவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. நாள் முழுக்க உழைத்தவரே தன் உழைப்பைக் காற்றில் விட்டதுதான் மிச்சம்.

மூன்று வாக்கியம் போதும். ஒன்று, முடிந்தது எவ்வளவு, எண்ணோடு. இரண்டு, மாட்டிக்கொண்டது எது. மூன்று, யாரிடமிருந்து எப்போதைக்குள் என்ன வேண்டும். "லாகின் டெஸ்டிங் டன், ஃபார்ட்டி பாஸ், டூ ஃபெயில். டிக்கெட்ஸ் ரெய்ஸ்டு. நீட் ஓடிபி சர்வர் பை டூ ஓ க்ளாக், அதர்வைஸ் இட் மூவ்ஸ் டு டுமாரோ." அவ்வளவுதான். 'ஹேவ் பீன்' எல்லாம் எங்கேயும் தேவைப்படவில்லை பாருங்கள். என் இலக்கணப் பிடிவாதம் போனது இப்படித்தான். வாக்கியத்தைச் சுருக்கிவிட்டால் தப்பு வருவதற்கே இடம் குறைவு.

மூன்றாவது வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். முதல் இரண்டும் கணக்கு ஒப்பிப்பது. மூன்றாவதைச் சொன்னதும் ஒருவர் 'ஓகே, ஐ வில் செக்' என்பார். நீங்கள் சொல்லி ஒரு வேலை நகர்ந்தது. மனசில் தங்குவது அந்த நகர்வுதான்.

இதை எப்போது தயார் செய்வது? பெங்களூர்க்காரர்களுக்கு நேரத்துக்கா பஞ்சம்! நெரிசலுக்குப் பேர்போன சில்க் போர்டு சந்திப்பில் கேப் நிற்கும் நேரத்தில் ராமாயணமே எழுதலாம். 2025 ஆகஸ்டில் ஆர்.வி. ரோட்டிலிருந்து பொம்மசந்திரா வரை மஞ்சள் தட மெட்ரோ வந்தபிறகு எலக்ட்ரானிக் சிட்டிக்குப் போகிறவர்களுக்கு அந்தப் பாக்கியம் குறைந்துவிட்டது. எப்படிப் போனாலும், போனில் மூன்று வரி எழுதிக்கொள்ளுங்கள். ஆபீஸ் வாசலில் ஸ்வைப் செய்வதற்கு முன் ஒரே ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். மனசுக்குள் சொல்வது கணக்கில் சேராது. நாக்கு புரள வேண்டும்.

படி 5: இங்கிலீஷ், இந்தி, கன்னடம்

பன்னிரண்டாவது வரை நான் தமிழ் வழி. அதில் எனக்கு வருத்தம் கிடையாது. முதல் மூன்று வருஷம் மட்டும் அதை நெற்றியில் ஒட்டிக்கொண்டு திரிந்த மாதிரி இருந்தது.

திட்டக்குடிப் பெண்ணிடம் ஒருநாள் கேன்டீனில் பேசிக்கொண்டிருந்தேன்.

"தப்பா இங்கிலீஷ் பேசிட்டா என்னக்கா ஆகும்?"

"நீயே சொல்லேன். என்ன ஆகும்?"

"சிரிப்பாங்க."

"யாரு? இந்த டீம்ல பேரைச் சொல்லு."

கொஞ்ச நேரம் டீ கப்பைச் சுற்றிக்கொண்டிருந்தாள். "இங்க யாரும் இல்லக்கா. காலேஜ்ல ஃபர்ஸ்ட் இயர்ல சிரிச்சாங்க."

அன்றைக்குச் சிரித்தவர்கள் இன்று எங்கே இருக்கிறார்களோ தெரியாது. இவள் மட்டும் தினமும் காலையில் அவர்களைக் கூட்டிக்கொண்டு ஆபீசுக்கு வருகிறாள்.

மொழி விஷயத்தில் நான் சொல்வது இவ்வளவுதான். உங்கள் வேலையின் பெயர்ச்சொற்களைப் பழுதில்லாமல் உச்சரிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். ஒரு முப்பது நாற்பது சொல்தான் வரும். புரியாவிட்டால் அங்கேயே கேளுங்கள். 'கேன் யூ ரிபீட் த லாஸ்ட் பாயின்ட்?' என்று கேட்பதில் மானக்கேடு எதுவும் இல்லை. தலையாட்டிவிட்டு இரண்டு நாள் தப்பான வேலை செய்வதுதான் மானக்கேடு. உச்சரிப்பை மாற்ற மெனக்கெட வேண்டாம், வேகத்தைக் குறையுங்கள். தமிழர்களுக்குப் பயத்தில் வேகம் கூடும். எனக்கு அப்படித்தான், எக்ஸ்பிரஸ் வண்டி மாதிரி எந்த ஸ்டேஷனிலும் நிற்காமல் ஓடுவேன். ஒவ்வொரு வாக்கியத்துக்குப் பின்னும் ஒரு மூச்சு விட்டாலே போதும்.

இந்தி வேறு கதை. மதியச் சாப்பாட்டில் பேச்சு இந்திக்குத் தாவினால் "ஐ மிஸ்டு த ஜோக்" என்று சிரித்துக்கொண்டே சொல்லுங்கள், யாராவது ஒருவர் மொழிபெயர்ப்பார். ஆனால் வேலைக் கூட்டமே இந்திக்குப் போனால் சிரிப்பு வேண்டாம். "இங்கிலீஷ் ப்ளீஸ், திஸ் இஸ் மை மாட்யூல்." ஒரு தடவை அழுத்தமாகச் சொல்லிவிட்டால் அடுத்த தடவை அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

அப்புறம் கன்னடம். 'ஆபீசில் பேசவே பயப்படுகிறவளிடம் இன்னொரு மொழியா?' என்று கேட்பீர்கள். அதனால்தான் சொல்கிறேன். தப்பாகப் பேசியும் ஒன்றும் ஆகவில்லை என்று உடம்புக்குத் தெரிய ஓர் இடம் வேண்டும். இங்கிலீஷில் தப்பினால் படிப்பே போன மாதிரி நமக்குக் கூசும். கன்னடத்தில் தப்பினால் டீக்கடைக்காரர் சிரித்துத் திருத்துவார், டீயும் வரும். "ஒந்து டீ, சக்கரே கம்மி" என்பதில் தொடங்கலாம். நமக்கு இது எளிது. தமிழில் 'ப'-வில் தொடங்கும் பல சொற்கள் கன்னடத்தில் 'ஹ' ஆகும்: பால் ஹாலு, பத்து ஹத்து, பல் ஹல்லு, புலி ஹுலி, பாம்பு ஹாவு, பூ ஹூவு. இந்த ஒரு சாவியை வைத்தே பாதிக் கடைத்தெருவைத் திறந்துவிடலாம். "நனகே கன்னட ஸ்வல்ப ஸ்வல்ப பருத்தே" என்று சொல்லிப் பாருங்கள், எதிரில் இருப்பவர் முகம் மலரும்.

இதில் எனக்கு இன்னொரு எண்ணமும் உண்டு. அல்சூர் ஏரிக்கரையில் வள்ளுவர் சிலை கன்னட அமைப்புகளின் எதிர்ப்பால் 1991-லிருந்து 18 ஆண்டுகள் மூடியே கிடந்து, 2009 ஆகஸ்ட் 9-ல்தான் திறக்கப்பட்டது. அந்தக் காலத்தைப் பார்த்த என் வீட்டுக்கார அம்மா இன்றும் பஸ்ஸில் போன் வந்தால் குரலைத் தாழ்த்தித்தான் தமிழ் பேசுவார். அது அவர்கள் தலைமுறைக்கு வாய்த்தது. ஊரின் மொழியையும் கற்றுக்கொண்டு, நம் மொழியையும் சாதாரணக் குரலில் பேசும் பிள்ளைகளைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது.

படி 6: கூட்டத்துக்கு முந்தின பத்து நிமிடம்

இரண்டு நிமிடம் இடுப்பில் கை வைத்து நிமிர்ந்து நின்றால் உடம்பில் ஹார்மோன் மாறி தைரியம் வரும் என்று ஒரு வித்தை பிரபலம், பவர் போஸ் என்பார்கள். 2010-ல் வந்த ஆய்வு அது. பிறகு நிறையப் பேரை வைத்துச் செய்து பார்த்தபோது ஹார்மோன் எதுவும் மாறவில்லை. அந்த ஆய்வின் முதல் ஆசிரியரான டேனா கார்னியே 2016-ல் தனக்கு அதில் நம்பிக்கை இல்லை என்று வெளிப்படையாக எழுதிவிட்டார். பாத்ரூமில் நின்று அதைச் செய்யும் நேரத்தில் உங்கள் மூன்று வரியை இன்னொரு தடவை படிக்கலாம்.

உருப்படியான ஒன்று இருக்கிறது. படபடப்பு வரும்போது 'அமைதியாக இரு' என்று நமக்கு நாமே சொல்லுவோம். அது எடுபடாது. ஆலிசன் வுட் புரூக்ஸ் என்ற ஆய்வாளர் 2014-ல் வெளியிட்ட சோதனைகளில், பேசுவதற்கும் பாடுவதற்கும் முன்னால் 'நான் ஆர்வமாக இருக்கிறேன்' என்று சொல்லிக்கொண்டவர்கள், 'நான் அமைதியாக இருக்கிறேன்' என்று சொல்லிக்கொண்டவர்களைவிட நன்றாகச் செய்தார்கள். நெஞ்சு அடிப்பது பயத்துக்கும் ஒன்றுதான், திருவிழாவுக்குப் புறப்படும்போதும் ஒன்றுதான். பெயரை மாற்றி வைத்தால் உடம்பு ஒத்துழைக்கிறது.

கூட்டத்துக்கு முன் இரண்டாவது டம்ளர் ஃபில்டர் காபி வேண்டாம். காபியின் படபடப்பையும் பயத்தின் கணக்கில் எழுதிக்கொள்வோம்.

உள்ளே போனபின், முதல் பத்து நிமிடத்துக்குள் ஏதாவது ஒன்று பேசிவிடுங்கள். 'ஆடியோ கிளியர்' என்பதுகூடச் சேர்த்தி. நேரம் ஆக ஆக முதல் வார்த்தையின் எடை கூடிக்கொண்டே போகும், நாற்பதாவது நிமிடத்தில் அதைத் தூக்கவே முடியாது. ஆன்லைன் கூட்டமாக இருந்தால் சாட் பெட்டியில் எழுதித் தப்பிக்காதீர்கள். என் துண்டுத்தாளின் மறுபிறவி அது. எழுதினாலும் கூடவே "ஐ புட் எ பாயின்ட் இன் சாட், லெட் மீ எக்ஸ்பிளெயின்" என்று மியூட்டை எடுங்கள்.

தப்பாகச் சொல்லிவிட்டால்? கார்னெல் பல்கலைக்கழகத்தில் தாமஸ் கிலோவிச் குழு செய்த சோதனை ஒன்று, 2000-ல் வெளியானது. மாணவர்களுக்கு வெட்கமாக இருக்கும் ஒரு டி-ஷர்ட்டை, ஒரு பாடகர் படம் போட்டது, மாட்டி அறைக்குள் அனுப்பினார்கள். பாதிப் பேராவது பார்த்திருப்பார்கள் என்று போட்டவர்கள் நினைத்தார்கள். கவனித்தது கிட்டத்தட்ட கால்வாசிப் பேர். நீங்கள் வினைச்சொல்லைத் தப்பவிட்ட அந்த நொடியில் எட்டுப் பேரில் ஐந்து பேர் தங்கள் முறைக்கு என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டிருப்பார்கள். நானும் அந்த ஐந்தில் ஒருத்தியாக இருந்தவள்தானே.

படி 7: வெள்ளிக்கிழமைக் கணக்கு

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பதினைந்து நிமிடம். ஓர் எக்செல் தாள். ஐந்து கட்டம்: தேதி, என்ன செய்தேன், அதனால் என்ன ஆனது, யாருக்குத் தெரியும், பயம் பத்துக்கு எவ்வளவு.

நல்லவர்களும் கெட்டிக்காரர்களும்தான் 'நான் இங்கே தவறிப்போய் வந்துவிட்டேன், ஒருநாள் கண்டுபிடித்துவிடுவார்கள்' என்று அதிகம் தவிக்கிறார்கள். சாதித்த பெண்களிடம் இதைப் பார்த்து, பாலின் கிளான்ஸ், சுசான் ஐம்ஸ் என்ற உளவியலாளர்கள் இருவரும் 1978-லேயே எழுதிவிட்டார்கள். இந்தத் தவிப்பின் குணம் என்னவென்றால், செய்ததை மறக்கடிக்கும், சறுக்கியதை மட்டும் ஞாபகம் வைக்கும். தலைக்குள் இருக்கும் கணக்குப்பிள்ளை நேர்மையானவர் இல்லை. அதனால் கணக்கைத் தாளுக்கு மாற்றுகிறோம்.

'கடினமாக உழைத்தேன்' என்றெல்லாம் எழுத வேண்டாம். "ரீகிரெஷன் (பழைய டெஸ்ட்களைத் திரும்ப ஓட்டுவது) ஓடுவதற்கு 6 மணி நேரம் ஆனது, ஸ்கிரிப்டை மாற்றியதில் 4 மணி நேரம். ராத்திரி ஷிப்ட்காரர்கள் இனிக் காத்திருக்க வேண்டாம். தெரிந்தவர்: யாரும் இல்லை." நாலாவது கட்டத்தில் 'யாரும் இல்லை' என்று வந்தால் அது அடுத்த வாரத்துக்கு வேலை. மேனேஜரோடு தனியாகப் பேசும் ஒன்-ஆன்-ஒன்னில் ஒரு வரி சொல்லிவிட வேண்டும். பெருமையடிப்பது போல் இருக்கிறதே என்று நம் வளர்ப்பு இழுக்கும். 'நம்ம வேலையை நாமளே சொல்லலாமா' என்ற அந்தக் கூச்சம் எனக்கும் பழக்கம்தான். ஆறு மணி நேரம் நாலு ஆனது என்பது செய்தி. அதைச் சொல்வதில் பெருமை எங்கே வந்தது?

அப்ரைசல் வரும்போது இந்தத் தாளில் ஐம்பது வரி இருக்கும். அதில் எட்டை எடுத்துப் படிவத்தில் போடலாம். மேனேஜர் ஞாபகத்தில் கடைசி இரண்டு மாதம்தான் இருக்கும், மனுஷர்தானே. சுய மதிப்பீட்டில் அடக்கத்துக்காக ஒரு மார்க் குறைத்துப் போடாதீர்கள். நான் இரண்டு வருஷம் போட்டேன். அவர்கள் மறுத்துக் கூட்டுவார்கள் என்று நினைத்தேன். நன்றி சொல்லி அப்படியே ஏற்றுக்கொண்டார்கள்.

படி 8: 'சரி சார்' என்ற சொல்

தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு மேலே இருக்கிறவர் எல்லாரும் சார், மேடம். இங்கே பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். முதல் ஆறு மாதம் என் மேனேஜரைப் பெயர் சொல்ல வாய் வராமல் 'எக்ஸ்கியூஸ் மீ' என்றே கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். அவர் ஒருநாள், "தட் இஸ் நாட் மை நேம்" என்றார். மின்னஞ்சலில் பெயர் போட்டுத் தொடங்குங்கள், பிறகு வாயும் பழகிவிடும். என் டீமில் தனியாக இருக்கும்போது 'அக்கா' என்கிற பிள்ளைகளும் கூட்டத்தில் என்னைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன். பெயர் சொல்லிப் பேசும்போது மறுத்துப் பேசுவதும் கொஞ்சம் சுலபமாகிறது.

'முடியாது' என்று சொல்ல வராதவர்களுக்கு ஒரு வழி: வரிசையைக் கேளுங்கள். "இது வெள்ளிக்கிழமைக்கு வேண்டுமென்றால் ரிப்போர்ட் திங்கட்கிழமைக்குப் போகும். எது முதலில்?" முடிவு அவர் கையில் இருக்கிறது, விலை என்ன என்பதும் மேஜைமேல் வந்துவிட்டது. பதில் தெரியாத கேள்விக்கு "மூன்று மணிக்குள் பார்த்துச் சொல்கிறேன்" என்று நேரம் குறித்துச் சொல்லுங்கள். சொன்னபடி இரண்டே ஐம்பதுக்குச் சொல்லிவிடுங்கள். இப்படி நாலு தடவை நடந்தால், உங்கள் 'தெரியாது'வுக்கே ஒரு மரியாதை வந்துவிடும்.

கோளாறு உங்களிடம் இல்லை என்றால்

சில இடங்களில் எத்தனை படி ஏறினாலும் தள்ளிவிட ஆள் இருப்பார்கள். தப்பைச் சொன்னால் பத்துப் பேர் முன் அசிங்கப்படுத்தும் மேனேஜர், உச்சரிப்பைப் போலச் செய்து கேலி பண்ணும் டீம். நோட்டில் ஒரே பெயர் திரும்பத் திரும்ப வருகிறதா என்று பாருங்கள். அந்த ஆள் இல்லாத கூட்டத்தில் நன்றாகப் பேசுகிறீர்கள் என்றால், மாற வேண்டியது டீம். வெள்ளிக்கிழமைத் தாள் அங்கேயும் உதவும், ரெஸ்யூமே அதிலிருந்தே எழுதிவிடலாம்.

பாலியல் தொல்லை என்றால் அதைத் தன்னம்பிக்கைப் பயிற்சியால் சமாளிக்கப் பார்க்காதீர்கள். 2013-ம் ஆண்டுச் சட்டப்படி பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் உள்ளகக் குழு இருந்தே ஆக வேண்டும். பெண்கள், சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் அங்கே எழுத்தில் புகார் கொடுக்கலாம். தூக்கம் வாரக்கணக்கில் கெட்டு, ஞாயிறு சாயங்காலமே வயிறு புரட்டுகிறது என்றால் மருத்துவரைப் பாருங்கள். நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை இந்த ஊரில்தான் இருக்கிறது. 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலேயே.

திட்டக்குடிப் பெண் தன் எக்செல் தாளை அவ்வப்போது எனக்கு அனுப்புவாள். போன வெள்ளிக்கிழமை வந்த வரி: "கிளையன்ட் கூட்டத்தில் மூன்று தடவை பேசினேன். இரண்டாவது தடவை ரிலீஸ் தேதியைத் தப்பாகச் சொல்லிவிட்டேன். அவர் திருத்தினார். தேங்க்ஸ் சொல்லிவிட்டு மேலே போனேன்." ஐந்தாவது கட்டத்தில் 3 என்று இருந்தது. பக்கத்திலேயே சின்ன எழுத்தில்: "காபி குடிக்கலக்கா."